பதில்: ஊர் மீன் இறங்குதளத்துக்கு நிதி கேட்டு எங்கே எழுதுவது?

கோத்தகிரியில் கடை வைத்துக்கொண்டு நாகை பக்கத்துச் சொந்த ஊருக்கு இறங்குதளம் கேட்கிறீர்கள், நல்லது. ஆனால் கடல்சார் வாரியத்துக்கு எழுதாதீர்கள். அது சரக்குக் கப்பல் வரும் சிறு துறைமுகங்களைப் பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது மீன்வளத் துறை. ஊட்டி ஆட்சியரிடம் மனு கொடுத்தாலும் அது நாகைக்குத்தான் போகும், வீண் தாமதம். மலைப்பகுதி மேம்பாட்டு நிதியும் கடற்கரைக்கு வராது.

ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்மானம் போட்டு நாகை மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்கட்டும். திட்ட அறிக்கையைத் துறைதான் தயாரிக்கும். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், மாநிலம் செய்யும் பணிக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் மானியமாகப் போடும். 2018-19-ல் தொடங்கிய 7,522 கோடி ரூபாய் மீன்வள உட்கட்டமைப்பு நிதியோ கடன். நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி வழியாக வரும், வட்டியில் 3 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும். மானியத்தையே முதலில் கேளுங்கள்.

மனுவில் படகு எண்ணிக்கை, தினசரி மீன்வரத்து, புறம்போக்கு நிலத்தின் சர்வே எண் கட்டாயம் இருக்கட்டும். அப்புறம் மணல். சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகரும். தளத்தோடு தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருக்கும் ஊரோடு இப்போதே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை வழக்கில் போய் நிற்கும்.