நீலகிரியில் ‘கவுடர்’ என்பது குடும்பப் பெயரா? பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று எதைப் போடுவது?

குடும்பப் பெயர் இல்லை, பட்டம். ஊர்த் தலைவருக்கு இருந்தது, நாளடைவில் இங்குள்ள படுகர் சமூகத்து ஆண்கள் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் மரியாதையாக ஒட்டிக்கொண்டது. சர்நேமாகப் போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மலை முழுக்கக் கவுடர்தான், அதில் உங்கள் குடும்பத்தை எங்கே தேடுவது?

கோத்தகிரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தச் சர்நேம் கட்டத்தில்தான் முட்டி நிற்பார்கள்.

நம் ஊரில் குடும்பத்தை அடையாளம் காட்டும் வேலையை இனிஷியல் பார்த்துக்கொள்கிறது. எச்.பி. ஆரி கவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். படுகர்களில் முதல் பட்டதாரி, சென்னை மாகாண சட்ட மேலவையில் இருந்தவர். எச் என்றால் ஹுப்பதலை, குன்னூர்ப் பக்கத்து உபதலைதான். பி என்றால் அப்பா பெள்ளி. அந்த அப்பா எச்.ஜே. பெள்ளி கவுடர்; ஜே என்பது ஜோகி. ஊர் எழுத்து அப்படியே நிற்கும், அப்பா எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தலைச்சனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்பி வரும். ஒரே ஹட்டியில் (படுகர் ஊர்) நாலு போஜன் இருந்தால், எந்த போஜன் என்று கேட்க அப்பா பெயர் வேண்டும்.

இந்தப் பெயர்களுக்குப் பொருளும் சொல்லிவிடுகிறேன். பெள்ளி என்றால் வெள்ளி. ஜோகி, யோகிதான். நஞ்சன், நஞ்சன்கூடு நஞ்சுண்டேஸ்வரர் பெயர். மைசூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தோம் என்று சொல்கிறவர்களிடம் அது இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ரங்கன் என்றால் காரமடை ரங்கநாதரை நினைத்துக்கொள்ளலாம். பெள்ளி படுகரிடம் ஆண் பெயர். 2023இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் யானைக்குட்டி வளர்த்த தெப்பக்காட்டு பெள்ளி, காட்டுநாயக்கர் பெண். இப்போது கடைக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களில் இந்தப் பெயர்கள் அப்பா, தாத்தா கட்டத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் எல்லாம் ‘ஷ்’ஷில் முடிகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இதே மலையின் பழங்குடியான தோடர் விஷயம் வேறு. 1901-02இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்து அவர்களுடைய வம்சாவளியைத் திரட்டினார். செத்துப்போன பெரியவர்கள் பெயரைச் சொந்தக்காரர்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஒரு குடும்பத்துப் பெயர்களை வேறு ஆட்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ‘தந்தை பெயர் (கட்டாயம்)’ என்று படிவம் அச்சடித்தவருக்கு இது தெரிந்திருக்காது.

எனக்கு அதிகம் தலைவலி தருவது தாயகம் திரும்பியவர்கள் வீட்டு விண்ணப்பங்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள். இலங்கைப் பழக்கத்தில் அப்பா பெயரை முழுசாக முன்னால் எழுதுவார்கள்: ‘கருப்பையா முனியாண்டி’ என்றால் முனியாண்டிதான் ஆள். இங்கே தட்டச்சு செய்பவர் முதல் சொல்லைப் பெயர் கட்டத்திலும் இரண்டாவதைச் சர்நேமிலும் போட்டுவிட்டால், பாஸ்போர்ட்டில் மகனே அப்பா ஆகிவிடுவார். அதைத் திருத்த அலைவது அவர் பாடு.

சரி, உங்கள் கேள்விக்கு. சர்நேமில் அப்பா பெயரைப் போடுங்கள், கவுடர் வேண்டாம். சமவெளியில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டம் பெயரிலிருந்து கழன்றுகொண்டே வந்தது. நாம் புதிதாக ஒன்றைப் பாஸ்போர்ட்டில் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் ஆகி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. அப்புறம்தான் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

ஒரு சங்கடம் உண்டு. உங்கள் பிள்ளைக்குச் சர்நேம் உங்கள் பெயராக இருக்கும், உங்களுடையது உங்கள் அப்பா பெயராக இருக்கும். வெளிநாட்டுப் பள்ளியில் ஏன் வேறு வேறு என்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் அப்பா பெயர் இருக்கும்.