அஞ்சு பேருமே துரோகியா?

கடிதம்:

சார் வணக்கம். ஒரு இங்கிலீஷ் சிறுகதைய தமிழ்ல பண்ணிட்டிருக்கேன், சும்மா ஒரு ஆசைக்குத்தான். அதுல ஒரே ஆள ஃபெய்த்லெஸ், டிஸ்லாயல், ட்ரெய்ட்டரஸ், ட்ரெச்சரஸ், பெர்ஃபிடியஸ்னு அஞ்சு எடத்துல அஞ்சு விதமா திட்றாங்க. நான் அஞ்சுக்கும் துரோகின்னே போட்டேன். படிச்சுப் பாத்த என் தங்கச்சி "என்ன இது, சீரியல் வசனமா?"ன்னுட்டா. உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா, இல்ல எழுதினவர் சும்மா சொல்ல மாத்தியிருக்காரா?

பதில்:

வணக்கம். தங்கச்சி சொன்னது சரிதான். வித்தியாசம் இருக்கு, நல்லாவே இருக்கு.

ஃபெய்த்லெஸ்தான் இருக்கறதுலயே சாது. குடுத்த வாக்க காப்பாத்தல, அவ்வளவுதான், உங்கள கவுக்கணும்னு அவன் திட்டம் போட்டிருக்கணும்னு அவசியமில்ல. 2016 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல 7 எலெக்டர்கள் (மக்கள் ஓட்டுக்கு அப்புறம் மாநிலத்து சார்பா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடறவங்க) சொந்தக் கட்சி வேட்பாளர விட்டுட்டு வேற பேருக்கு ஓட்டுப் போட்டாங்க இல்லையா, அந்த மாதிரி ஆளுங்களுக்கு அங்க பேரே ஃபெய்த்லெஸ் எலெக்டர். பொண்டாட்டிக்குத் தெரியாம வேற உறவு வச்சிருக்கற புருஷனுக்கும் இதே சொல்தான். டிஸ்லாயல்னா மொதல்ல ஒரு பக்கம் வேணும், நீங்க அந்தப் பக்கத்து ஆளா இருக்கணும். முன்னபின்ன தெரியாதவன் உங்கள ஏமாத்தலாம், டிஸ்லாயலா இருக்க முடியாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது ட்ரெய்ட்டர். அதுக்கு அடியில இருக்கற லத்தீன் சொல்லுக்கு "கை மாத்திக் குடுக்கறது"ன்னு அர்த்தம், பிட்ரே, ட்ரீசன் எல்லாம் அதே வேர், ஏன் ட்ரெடிஷனே அதே வேர்தான் (அப்பன் புள்ளைக்குக் குடுத்தா மரபு, எதிரிக்குக் குடுத்தா துரோகம்!). இப்ப நம்ம "காட்டிக்குடு"வ பாருங்க. அதுலயும் குடுக்கறதுதான் இருக்கு. அதோட நிக்கல, "கோபமில்லன்னு சொன்னா, ஆனா குரல் காட்டிக்குடுத்துடுச்சு"ன்னு நாம சொல்ற அதே எடத்துல இங்கிலீஷ்காரனும் பிட்ரேன்னுதான் சொல்றான். ரெண்டு மொழியும் ஒரே எடத்துக்கு வந்திருக்கு. அதனால கண்ண மூடிட்டு "காட்டிக்குடுத்தவன்"னு போடுங்க. எதையாவது, யாரையாவது எதிரி கையில ஒப்படைச்சிருக்கானான்னு மட்டும் கதையில சரி பாத்துக்கோங்க.

ட்ரெச்சரஸ் கேக்க ட்ரெய்ட்டர் மாதிரி இருந்தாலும் வேற குடும்பம், ட்ரிக்குக்குச் சொந்தம். இதுக்கு மனுஷனே தேவையில்ல. ஏரி ஒறைஞ்சு கெடக்கு, பாக்க சிமெண்ட் தரை மாதிரி இருக்கு, நாலு அடி வச்சதும் சடார்னு ஒடையுது, அந்த ஐஸ் ட்ரெச்சரஸ். ஐஸ துரோகின்னு சொல்லுவீங்களா? "நம்பி கால வைக்க முடியாது"ன்னு சொல்லுவோம். அதே சொல் மனுஷனுக்கு வந்தா "நம்ப வச்சு கழுத்தறுக்கறவன்".

பெர்ஃபிடியஸ் இன்னும் ஒரு படி மேல. போர்ச் சட்டத்துல பெர்ஃபிடி ஒரு தனிக் குத்தம், ஜெனீவா போர் ஒப்பந்தங்களுக்கு 1977ல வந்த முதல் கூடுதல் நெறிமுறையோட 37ஆவது பிரிவுல இருக்கு. எல தழைய சுத்திக்கிட்டு பதுங்கலாம், பொய்யான தகவல பரப்பலாம், அதெல்லாம் போர்த் தந்திரம், தப்பில்ல. ஆனா சரணடையற மாதிரி வெள்ளக்கொடிய தூக்கிக் காட்டி, கிட்ட வந்தவன சுட்டா அது பெர்ஃபிடி. எந்த நம்பிக்கையால அவன் துப்பாக்கிய எறக்கினானோ அதையே ஆயுதமாக்கறது. கும்புடற கைக்குள்ளயும் ஆயுதம் இருக்கும்னு வள்ளுவர் சொல்றாரே, கிட்டத்தட்ட அதேதான். "வஞ்சகன்" பொருந்தும்.

ஆனா ஒன்னு, இன்னைக்கு யாரும் வாய்ப்பேச்சுல பெர்ஃபிடியஸ்னு திட்றதில்ல. கதையில அத யார் சொல்றாங்கன்னு பாருங்க. பழைய வக்கீலோ வாத்தியாரோன்னா வஞ்சகனே இருக்கட்டும். சின்னப் பையன் சொல்றான்னா அவன் சும்மா பீத்திக்கறான், அப்ப "நயவஞ்சகன்"னு கொஞ்சம் நாடகமாவே போடுங்க, தங்கச்சி சிரிச்சா சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.