பழைய தையல் மெஷின், ஓடாத மிக்சி, துருப்பிடித்த சாமான்கள்: சரி செய்யலாமா, எடைக்குப் போடலாமா?

கேட்டிருப்பது இது: மாமியார் காலத்துக் கால்மிதி தையல் மெஷின், ஓடாத மிக்சி, மெதுவாகச் சுற்றும் ஃபேன், துருப்பிடித்த ஸ்பேனர்களும் அரிவாளும், ஒரு பழைய லேப்டாப், ஒரு பழைய போன். எதைச் சரி செய்யலாம், எதை இரும்புக்கடைக்குப் போடலாம்?

தையல் மெஷினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் சேலம் குகைப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிகளுக்கு ஃபிட்டர். ஒரு சாமான் நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது "எது தேய்ஞ்சிருக்கு?" என்பதுதான். தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேயும், பெல்ட் அறும், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா உடையும். இரும்புச் சட்டம் அப்படியே நிற்கும். அதனால் பழைய சாமான் எதைப் பார்த்தாலும் அவர் இரண்டு விஷயம்தான் பார்ப்பார். தேயும் பாகம் தனியாகக் கழன்று வருகிறதா? அந்தப் பாகம் நம் ஊரில் கிடைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஸ்குரூவே இல்லாமல் பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறதா, யோசிக்காமல் விட்டுவிடலாம்.

உங்கள் மெஷின் இந்தப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கும். அந்தக் காலத்துக் கறுப்புத் தலை முழுக்க வார்ப்பிரும்பு, உள்ளே எஃகு. இப்போது ஆன்லைனில் விற்கும் குட்டி மெஷின்களில் பல்சக்கரமே பிளாஸ்டிக்கில் இருக்கும். ஜீன்ஸ் மடிப்பு நாலு தைத்தால் பல் வழுக்கிவிடும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. இறுகி இருந்தால் பெரும்பாலும் எண்ணெய்க் கோளாறுதான். மெஷின் ஆயில் தீர்ந்த அன்றைக்கு யாரோ சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்து விட்டிருப்பார்கள். அது நாளடைவில் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசுக்காகி இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது, அதை மெஷினுக்கு விட்டால் என்ன ஆகும்? தலையின் மேலும் பக்கத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, தலையைச் சாய்த்து அடியில் உராயும் இடங்களிலும் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். மறுநாள் வீலை முன்னும் பின்னும் அசைத்தால் பழுப்பாக அழுக்கு இறங்கும். துடையுங்கள், திரும்ப விடுங்கள், திரும்பத் துடையுங்கள். தெளிவாக வர ஆரம்பித்ததும் மெஷின் ஆயில் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயை மட்டும் விட்டு ஓட்டினால் இரும்பும் இரும்பும் வறட்டாக உரசும்.

அப்புறம் ஊசித் தகட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். கீழே துணியைத் தள்ளும் பற்களின் இடுக்கில் பஞ்சு கம்பளியாகப் படிந்திருக்கும். குண்டூசியால் நெம்பினால் பட்டையாகக் கழன்று வரும். "துணி நகரவே மாட்டேங்குது, பல் தேய்ஞ்சுபோச்சு" என்று என்னிடம் வருகிற மெஷின்களில் பாதிக்கு இதுதான் வியாதி. ஷட்டில் ஓடும் வளையத்தில் அறுந்த நூல் சுற்றியிருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். ஊசியைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஊசி பார்க்க நன்றாக இருந்தாலும் நுனி மழுங்கியிருக்கும். ஊசியின் தட்டைப் பக்கம் மாறியிருந்தால் தையலே விழாது.

தையல் விழுகிறது, ஆனால் துணிக்கு அடியில் லூப் லூப்பாக வருகிறது என்றால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோக்க வேண்டும், அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் திறந்திருந்து நூல் உள்ளே உட்காரும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியிலேயே போகும். லூப் துணியின் மேல் பக்கம் வந்தால்தான் பாபின் கேஸ். அதிலுள்ள சின்ன ஸ்குரூவைக் கால் திருப்புக்கு மேல் திருப்ப வேண்டாம்.

தோல் பெல்ட் அறுந்திருந்தால் புதிது மீட்டர் கணக்கில் கிடைக்கும், அளவுக்கு வெட்டி கிளிப் போடுவதுதான். மோட்டார் மாட்டலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தாராளமாக மாட்டலாம், இந்தத் தலைகளில் அதற்கு இடம் விட்டே வார்த்திருப்பார்கள். ஆனால் கால்மிதி ஸ்டாண்டைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள். கரண்ட் போன அன்றைக்கு அதன் அருமை தெரியும். தையல் பழகுகிறவர்களுக்கும் மெதுவாக ஓட்ட மிதிதான் வசதி.

மெஷினோடு டிராயரில் கத்தரிக்கோல் கிடந்தால் அதையும் எடுத்துவையுங்கள். பித்தளைப் பிடி போட்ட கனமான மீரட் கத்தரியாக இருந்தால் இன்னும் நல்லது. சைக்கிளில் சாணைக்கல் வைத்துக்கொண்டு தெருவில் வருகிறவரிடமே கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். கத்தரியின் இரண்டு அலகுக்கும் வெளிப்பக்கச் சரிவில் மட்டும்தான் சாணை பிடிக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத் தட்டை முகத்தில் கல் பட்டுவிட்டால் நடுவில் இடைவெளி விழுந்து, துணி வெட்டுப்படாமல் மடங்கி உள்ளே போகும். நடு ஆணி லூஸாக இருந்தாலும் இதே கோளாறு வரும், அதனால் சாணைக்கு முன்னால் ஆணியை இறுக்கிப் பாருங்கள்.

அரிவாளுக்கும் ஸ்பேனருக்கும் வருவோம். துருவுக்கு எளிய வழி வினிகர். முழுகும் அளவுக்கு ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக இறங்கும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் பூசிவிட வேண்டும். அலசிவிட்டுச் சும்மா வைத்தால் சாயங்காலத்துக்குள் மஞ்சள் துரு ஏறிவிடும். பழைய ஸ்பேனர்களைத் தூக்கிப் போடாதீர்கள். வாய் விரியாமல் இருந்தால் அவற்றுக்கு அழிவே கிடையாது.

சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் கொடுத்துத் துரு எடுக்கும் வித்தையும் வீடியோக்களில் சுற்றுகிறது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் ஸ்பூனையோ தட்டையோ தொங்கவிடாதீர்கள். எங்கள் ஊர் உருக்காலைத் தகடு உலகத்துக்கே போகிறது, அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதில் கலந்திருக்கும் குரோமியம்தான். கரண்ட் பாயும்போது அந்தக் குரோமியம் விஷமான வடிவத்தில் தண்ணீரில் இறங்கும். சாதாரண இரும்புக் கம்பி போதும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும்.

அரிவாளை மோட்டார் கல்லில் வைத்துச் சர்ரென்று தீட்டுகிறவர்களிடம் கொடுக்கும்போது வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு சூடேறி நீல நிறம் வந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கிட்டத்தட்ட 300 டிகிரியில் அந்த நிறம் வரும். அதற்குப் பிறகு எவ்வளவு கூர் வைத்தாலும் நாலு தேங்காய்க்கு மேல் நிற்காது. பட்டறையில் கொடுத்துத் திரும்பக் காய்ச்சித்தான் பதம் ஏற்ற வேண்டும். காம்பு ஆடினால் ஆப்பு அடிப்பதோடு நிறுத்தாமல் காம்பையே மாற்றுங்கள், கருவேல மரம் நல்லது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனால் எனக்குப் பிடித்த இடம் பழம் உரிக்கும் கொட்டகைதான். கையால் சுற்றும் பழைய பல்பர் ஒன்று அங்கே இருக்கிறது. உருளையின் மேல் பொட்டுப் பொட்டாகப் புடைத்த செம்புத் தகடு சுற்றியிருக்கும். அந்தப் புடைப்புதான் காப்பிப் பழத்தை இழுத்துத் தோலை உரிக்கிறது. சீசனுக்குச் சீசன் புடைப்பு தேயும். தேய்ந்தால் பழம் உரிபடாமலே வெளியே விழும். உடனே சித்தப்பா உருளைக்கும் எதிர்ப்பக்கத் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைப்பார். ஓரளவுக்குத்தான் குறைக்கலாம், அதற்கு மேல் போனால் கொட்டை நசுங்கி விலை போகாது. அப்போது செம்புத் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். இரும்புச் சட்டமும் வீலும் தலைமுறை தாண்டியவை. வாங்குகிற சாமான் எல்லாம் இப்படி இருந்துவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மிக்சிக்கு முதலில் கவிழ்த்து அடியில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். அதிகப் பளு ஏறினால் தானாக வெளியே வந்து கரண்டை நிறுத்திவிடும் பட்டன் அது. இது தெரியாமலே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. ஓடுகிறது, ஆனால் உள்ளே தீப்பொறியும் வாசனையும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மோட்டார் ஓடியும் ஜார் சுற்றவில்லை என்றால் ரப்பர் கப்ளர் போயிருக்கும். அது மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். கல்லுப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பதை நான் நம்புவதில்லை. மோட்டாருக்குள் சுற்றும் கம்பிச்சுருளான ஆர்மெச்சர் எரிந்திருந்தால் மட்டும் விலையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும், கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புவதற்கும் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் காரணம். ஃபேன் கம்பியில் உள்ள கிண்ணத்துக்குள் இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருக்கும். எழுதியுள்ள அதே அளவில் வாங்கி எலக்ட்ரீஷியனிடம் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் ஃபேனில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், கரண்டை மிச்சப்படுத்தும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லுக்கு 32 யூனிட் வித்தியாசம் வரும். கடையில் நாள் முழுக்க ஓடுவதை மாற்றிவிட்டேன். வீட்டில் எப்போதாவது ஓடும் அறையில் பழசுக்கே கப்பாசிட்டர் போட்டு வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு, சுற்றும் தட்டே இல்லாத சேமிப்பு டிரைவான எஸ்எஸ்டி போடுங்கள், மற்ற எதையும் விட அதில்தான் வேகம் தெரியும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்காத மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். என் மகள் அதில்தான் கல்லூரி வேலையெல்லாம் செய்கிறாள். போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். உப்பாத பழைய போன் என்றால் கடையில் கேமராவாக வைக்கலாம். நான் அளவு எழுதும் நோட்டுக்குப் பதில் அதில்தான் போட்டோ எடுத்து வைக்கிறேன்.

மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய டியூப் டிவியையும் மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைச் சாய்க்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

உடைந்த ஷாஃப்ட், கழலாத ஸ்குரூ, ஷாஃப்ட் உள்ளே சுற்றும் புஷ் கிடைக்கவில்லை என்று வந்தால் சேலத்தில் கவலையில்லை. தறி, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை மூன்றும் ஓடுகிற ஊர் என்பதால் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. பழைய பாகத்தை மாதிரிக்குக் கொண்டுபோனால் அதே அளவில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். வாயால் அளவு சொல்லாமல் உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மெஷின் தலையில் கம்பெனிப் பெயரும் நம்பரும் பொறித்திருக்கும். அதையும் பாபின் கேஸையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்த பாபின், எந்த ஊசி என்று பார்த்துச் சொல்கிறேன்.