ஹாசக்ஸுக்குக் குடிவர நினைப்பவர்களுக்கு

ஒன்பது வருடமாக இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், ஹாசக்ஸ் கிராமத்தில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அண்ணா, கிராமம் என்கிறீர்கள். அங்கிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக. இந்த ஊர் வளர்ந்ததே ரயிலால்தான். 1841-இல் லண்டன்–பிரைட்டன் பாதை வந்தது, ஸ்டேஷனைச் சுற்றி வீடுகள் பெருகின. கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் பத்து நிமிடம், லண்டனுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். ஆனால் சீசன் டிக்கெட் விலையை முதலில் பாருங்கள், வீட்டு வாடகையை அப்புறம் பேசலாம். நான் தலைகீழாகச் செய்து முழித்தேன்.

கேள்வி: ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா?

பதில்: தெரியாது! நடுவில் சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. ரயிலே சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள கிளேட்டன் சுரங்கத்தைத் தாண்டித்தான் கடற்கரைப் பக்கம் போகிறது. அதன் வடக்கு வாசலைக் கோட்டை மாதிரி கட்டி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு வீட்டையும் வைத்திருக்கிறார்கள். 1861-இல் உள்ளே இரண்டு ரயில்கள் மோதி 23 பேர் இறந்தார்கள். அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

கடல் பார்க்க 248 மீட்டர் உயர டிட்ச்லிங் பீக்கன் குன்றுக்கு ஏறுங்கள். கிளேட்டன் ஊருக்கு மேலே ஜாக், ஜில் என்று இரண்டு பழைய காற்றாலைகள் நிற்கின்றன. வெள்ளையாக இருப்பது ஜில். பிரைட்டனில் இருந்த அதை 1852-இல் மாடு பூட்டி இழுத்து வந்து மேலேற்றினார்களாம். பிரைட்டன் கடற்கரையில் மணலை எதிர்பார்க்காதீர்கள், எல்லாம் கூழாங்கல். செருப்போடு போங்கள்.

கேள்வி: பள்ளி, டாக்டர், கடை?

பதில்: எல்லாம் நடக்கிற தூரம். கடைகள் கீமர் ரோட்டில். பள்ளி 16 வயது வரை இங்கேயே, அதற்கு மேல் படிக்கப் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள்.

கேள்வி: வயல் வழியாக நடந்தால் விவசாயி திட்டமாட்டாரா?

பதில்: பொது நடைபாதை என்று பலகை இருந்தால் போவது உங்கள் உரிமை. ஆடு மேய்கிற இடத்தில் நாயைக் கயிற்றில் பிடியுங்கள். குன்றின் அடிவாரம் களிமண், குளிர்காலத்தில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: வேலிக் கதவு திறந்து கிடந்தால் மூடிவிடலாமா, அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. இருந்தபடியே விடுங்கள். ஆடு தண்ணீருக்குப் போகத் திறந்து வைத்திருப்பார்கள்.