சந்தேகம் கேட்க 'டவுட்' சரியான சொல்லா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். லண்டனில் உள்ள வாடிக்கையாளர் அனுப்பிய வரைவில் ஒரு பகுதி அவருக்குப் புரியவில்லை. இணையவழிக் கூட்டத்தில், "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிசைன்" என்றிருக்கிறார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு அந்த மனிதர் தன் வரைவு ஏன் சரியானது என்று பத்து நிமிடம் நியாயம் சொன்னாராம். "நான் கேட்க நினைத்தது சின்ன விளக்கம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படித்தானே கேட்கிறோம்? இது தவறா? வேறு எப்படிக் கேட்பது?" என்கிறார் வாசகி.

தவறு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. பாடம் முடிந்ததும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்காத ஆசிரியர் நம் ஊரில் உண்டா? தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுவதும் 'டவுட்' என்றால் கேள்வி என்றே வழங்குகிறது. ஸ்பானிய மொழியிலும் இதே நிலைதான். ஐயத்தைக் குறிக்கும் 'தூதா' என்ற சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் கேள்வியும் கேட்கிறார்கள். ஆகவே இதைப் படிக்காதவர்களின் பிழை என்று யாராவது சொன்னால் கூசிப்போக வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்குள் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் லண்டன்காரர் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுகிறது. 'உங்கள் வடிவமைப்பு தேறுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை' என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

இடறல் எங்கே இருக்கிறது என்றால், நம் 'சந்தேகம்' என்ற சொல்லில் இருக்கிறது. அது பல வேலை பார்க்கிற சொல். "ஒரு சந்தேகம், இந்த பஸ் காந்திபுரம் போகுமா?" என்பது கேள்வி. "இன்று மழை வருவது சந்தேகம்தான்" என்றால் வராது என்று தோன்றுகிறது. "அவர் சொல்வதில் எனக்குச் சந்தேகம்" என்பது நம்பிக்கைக் குறைவு. "பணத்தை அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்" என்பது குற்றச்சாட்டுக்கு ஒரு படி முன்னே நிற்பது. இந்த நான்கில் நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் ஆங்கிலத்தின் 'டவுட்' பொருந்தும். முதலாவதற்கு 'கொஸ்டின்'. கடைசியானதற்கு 'சஸ்பெக்ட்'.

அந்தக் கடைசி இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பொருள் தலைகீழாகிவிடுகிறது. "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மணி" என்றால் அவன் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். "ஐ டவுட் ஹி டுக் த மணி" என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். 'சந்தேகப்படுகிறேன்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு 'டவுட்' போட்டால், குற்றம் சாட்ட நினைத்தவர் நற்சான்று கொடுத்தவராகிவிடுவார். புகார்க் கடிதம் எழுதும்போதும் விசாரணையில் பதில் சொல்லும்போதும் இந்த ஒரு சொல்லை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி, கேட்பதற்கான சொற்கள். 'கொஸ்டின்' எங்கும் செல்லும். எளிமையாக இருக்கிறது என்று அதை ஒதுக்காதீர்கள். 'க்வெரி' அலுவலக மின்னஞ்சலுக்கு ஏற்றது. பில் தொகையைப் பற்றி, விண்ணப்பத்தின் நிலையைப் பற்றிக் கேட்கும்போது நன்றாகப் பொருந்தும். நண்பரிடம் பேசும்போது விறைப்பாக ஒலிக்கும். சொன்னதே புரியவில்லை என்றால் "குட் யூ கிளாரிஃபை திஸ் பாயின்ட்?" என்று கேட்கலாம். "கிளியர் மை டவுட்" என்பது 'சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்' என்ற நம் தொடரின் நேர் வார்ப்பு. வெளிநாட்டவரிடம் அதைத் தவிர்ப்பது நல்லது.

உண்மையிலேயே மாற்றுக் கருத்து இருந்தால் என்ன செய்வது? அப்போதும் 'டவுட்' சற்றுக் கடுமைதான். 'கன்சர்ன்' என்றால் அக்கறையோடு கலந்த கவலை. எதிராளி முகம் சுளிக்காமல் கேட்பார். 'ரிசர்வேஷன்' என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்டும் இட ஒதுக்கீடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் "ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ்" என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால், 'முழுமனதோடு ஒப்புக்கொள்ள முடியவில்லை' என்று பொருள். பணிவான சொல்தான், ஆனாலும் மறுப்பின் வாடை அதில் உண்டு. அதைக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, எது உறுத்துகிறது என்று விசாரித்துவிடுங்கள். ஆளையோ செயலையோ நேர்மையில் குறை சொல்லும் 'டுபியஸ்' என்ற சொல்லை மட்டும் வாடிக்கையாளர் முன்னால் எடுக்கவே வேண்டாம்.

'நோ டவுட்' என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சந்தேகமே இல்லை' என்று நாம் அடித்துச் சொல்வதற்கு அது சமம் என்று பலர் நினைக்கிறார்கள். "நோ டவுட் யூ ஆர் டயர்ட்" என்றால் 'களைப்பாகத்தான் இருப்பீர்கள்' என்ற அளவுக்குத்தான் பொருள், ஓர் ஊகம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் 'வித்தவுட் எ டவுட்' என்று சொல்லுங்கள்.

'டவுட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது (doubt) உச்சரிப்பில் வராத 'பி' எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்து அங்கே முதலில் இல்லை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'பி' இல்லாமல்தான் வந்தது. லத்தீன் மூலமான 'துபிதாரே'யை நினைவூட்ட, பிற்காலத்தில் படித்தவர்கள் அதைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான். அந்த லத்தீன் சொல்லுக்குள் 'இரண்டு' ஒளிந்திருக்கிறது: இரண்டு பக்கமும் சாய்கிற மனம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 'டவுட்' எங்கே பொருந்தும் என்பது தானாகப் பிடிபடும். வாசகி அன்று இருமனமாக இருக்கவில்லை, ஒரு விவரம் தெரியாமல் இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே, வாசகிக்கு: "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் திஸ் பார்ட் ஆஃப் த டிசைன்" என்று கேளுங்கள். 'உங்கள் வடிவமைப்பு' என்று முழுவதையும் சுட்டாமல் 'இந்தப் பகுதி' என்று குறுக்கிவிட்டால் பாதி உரசல் அங்கேயே போய்விடும். பழைய பழக்கத்தில் மறுபடியும் 'டவுட்' வாயில் வந்துவிட்டால் பதற வேண்டாம். உடனே "ஐ மீன், எ கொஸ்டின்" என்று சேர்த்துவிட்டு, மேலே கேளுங்கள்.