138/86: ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டருக்கு,

அப்பாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாக பி.பி.க்கு எங்கள் தெரு டாக்டரிடம்தான் போகிறார். அட்டெனலால் 50, காலையில் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை அதே மாத்திரை. சர்க்கரை இல்லை, இதய நோயும் இல்லை. போன வாரம் நானும் கூடப் போனேன். 138/86 இருந்தது. "நார்மல்தான், போய்ட்டு வாங்க" என்றார். "130-ஐத் தாண்டினாலே பி.பி.ன்னு அமெரிக்காவுல 2017-லயே மாத்திட்டாங்களே சார்" என்றேன். "அப்படியா?" என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வழிகாட்டு நெறிமுறையே தெரியாதவரிடம் அப்பாவை எப்படி விடுவது? டாக்டரை மாற்றிவிடலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அந்த "அப்படியா?"வை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் அவர் பக்கமும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 கடைசியில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, அறுபது தாண்டியவர்களுக்கு மேல் அளவு (138/86-ல் 138) 150-க்குள் இருந்தால் போதும் என்றது. நான்கே வருடத்தில் அங்குள்ள இதயவியல் சங்கங்கள் 130-க்கு வந்துவிட்டன. ஐரோப்பியர்கள் 2018-ல், 65-க்கு மேற்பட்டவர்களுக்கு 130 முதல் 139 வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 2024-ல், உடம்பு தாங்குமானால் 120-129 என்று அவர்களும் இறங்கினார்கள். உங்கள் அப்பாவின் 138 ஒரு புத்தகத்தில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்.

இந்த இறக்கத்துக்குப் பெரிய காரணம் 2015-ல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வு. 9,361 பேர். 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் கூடின. அங்கே அளந்த விதத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை எடுத்து, சராசரி போட்டார்கள்.

நம் கிளினிக்குகளில்? ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தவர், நம்பரைக் கூப்பிட்டதும் பதறி எழுந்து வந்து, சாய முடியாத ஸ்டூலில் உட்காருவார். சட்டைக் கைக்கு மேலேயே பட்டை. காற்றை அடித்துக்கொண்டே "தூக்கம் வருதா? மோஷன் போறீங்களா?" என்று கேட்போம். அவரும் பதில் சொல்வார். கை அந்தரத்தில் தொங்கும். இதில் ஒவ்வொன்றும் அளவை ஏற்றிக் காட்டக்கூடியது. மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தாலும் ஏறும், பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினாலும் ஏறும். உங்கள் டாக்டர் 138 என்று எழுதியதே எனக்குப் பிடித்திருந்தது. பெரும்பாலான சீட்டுகளில் 130 இருக்கும், இல்லாவிட்டால் 140. பூஜ்யத்தில் முடியாத பி.பி. எங்கள் கண்ணில் படுவதே அபூர்வம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அட்டெனலால். வேறு காரணம் ஏதும் இல்லாமல் வெறும் ரத்த அழுத்தத்துக்கு என்றால், 2006-லேயே பிரிட்டன் பீட்டா பிளாக்கர் எனப்படும் இந்த வகை மாத்திரைகளை முதல் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. வயதானவர்களுக்குப் பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்றவை அளவுக்கு இது உதவுவதில்லை. 2017-ல் இந்தியாவில் தொடங்கிய ரத்த அழுத்தத் திட்டத்தில் பல மாநிலங்கள் அம்லோடிபினைத்தான் முதல் மாத்திரையாக வைத்தன. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அவருக்கு ஏன் இது போய்ச் சேரவில்லை? எனக்கும்தான் சேரவில்லை. பி.பி. எகிறி வருபவருக்கு நிஃபெடிபின் குளிகையை ஊசியால் குத்தி, நாக்குக்கு அடியில் சொட்டு விடுவேன். அரை மணியில் 200 என்பது 150 ஆகும். கூட வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்படிச் சடாரென்று இறக்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் வரலாம், நிறுத்துங்கள் என்று 1996-ல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நான் அதற்குப் பிறகும் சில வருடம் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் "சார், இத இன்னுமா பண்றீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அதிர்ச்சி இன்னும் காதில் இருக்கிறது. புது மாத்திரையைச் சொல்ல வாரத்துக்கு நாலு மருந்துக் கம்பெனி ரெப் வருவார்கள். பழையதை நிறுத்தச் சொல்லிப் பையோடு படியேறி வந்தவர் எவரும் இல்லை.

டாக்டரை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மேல்கையில் சுற்றும் கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒரு வாரம், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை மேஜைமேல். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி போடுங்கள். வீட்டில் 135/85 வந்தால் அது கிளினிக்கின் 140/90-க்குச் சமம். எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை பாருங்கள்; அப்பாவுக்குத் தலை சுற்றும் என்றால் அழுத்தத்தை மேலும் இறக்குவதில் அவசரம் கூடாது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் தேடி எடுங்கள்.

அந்த நோட்டோடு போங்கள், 2017-ஐ வீட்டிலேயே வைத்துவிட்டு. நோட்டைப் புரட்டிப் பார்த்து, மாத்திரையைப் பற்றியும் யோசிக்கிறார் என்றால் அவரிடமே இருங்கள். புரட்டவே இல்லை என்றால் மாற்றலாம். எதுவானாலும் அட்டெனலாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் படபடப்பு வரும், பி.பி. எகிறும், சிலருக்கு நெஞ்சுவலியே வரும். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.