இரண்டு சதவீதமும் இரண்டு கிலோவும்

கேள்வி: வணிக மேலாண்மையில் அறநெறி, சமூகப் பொறுப்பு என்று கற்பிக்கப்படுபவற்றுக்கு நடைமுறையில் ஏதேனும் பொருள் உண்டா? அல்லது அவை ஆண்டறிக்கையில் நான்கு பக்கம் நிரப்புவதற்கு மட்டும்தானா?

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் கணக்கராக இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். பொருள் உண்டு. ஆனால் அந்த நான்கு பக்கங்களில் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135இன்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இதற்கான விதிகளில் உண்டு: நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அதாவது கொழுந்துக்கு நியாயமான எடை போடுவது சட்டத்தின் பார்வையில் சமூகப் பொறுப்புச் செலவு ஆகாது; அதே விவசாயியின் ஊரில் நிழற்குடை கட்டிக் கொடுத்தால் ஆகும். சட்டம் இயற்றியவர்களை நான் குறை சொல்லவில்லை, ஏனெனில் நேர்மையாக நடப்பதைச் செலவாகக் காட்ட விட்டால் யார்தான் காட்டமாட்டார்கள்? ஆனால் இந்தப் பிரிவினையைப் படித்துவிட்டு வருகிற மேலாண்மை மாணவர், பொறுப்பு என்பது லாபம் வந்த பிறகு தொடங்கும் விஷயம் என்று எண்ணிவிடுகிறார். அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி அவருடைய பாடத்திலேயே இல்லை.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை அந்த மூன்று வரம்புகளில் ஒன்றையும் தொட்டதில்லை. ஆகவே அறத்துக்கு அங்கே வேலையில்லை என்று பொருளல்ல. நீலகிரியில் பச்சைத் தேயிலையின் விலையைத் தொழிற்சாலை தன் விருப்பப்படி வைக்க முடியாது. ஏலத்தில் தூள் விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டு, தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. அதற்குக் குறைத்துக் கொடுத்தால் கேள்வி வரும். விலையில் கை வைக்க முடியாதபோது கை எங்கே போகும்? எடைக்குப் போகும்.

மழை நாளில் கொழுந்தின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீருக்காக எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். எங்கள் தொழிற்சாலையில் 30 கிலோ மூட்டைக்கு 2 கிலோ ‘ஈரக் கழிவு’ என்பது ஐப்பசி அடைமழைக்காகத் தொடங்கி, பிறகு ஆண்டு முழுவதற்கும் நிலைத்துவிட்டது. ஒரு தை மாதத்தில், பத்து நாளாக வானம் பொட்டுத் தூறல் போடாத ஒரு பிற்பகலில், வழக்கமாக வரும் அம்மா ஒருவர் மூட்டையின் வாயைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். கறை பிடித்துக் கறுத்த அவருடைய விரல்கள் என் விரல்களை மூடி அழுத்தின. கொழுந்து காகிதம்போலச் சலசலத்தது. “இதுல எங்க தம்பி இருக்கு தண்ணி?” என்றார். “எல்லாருக்கும் போடுறதுதாம்மா” என்று சொல்லிவிட்டு 28 என்று எழுதினேன். என் கையெழுத்தில்தான் எழுதினேன், முதலாளி எழுதவில்லை.

இதன் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 10,000 கிலோ கொழுந்து வந்தால், மூட்டைக்கு 2 கிலோ வீதம் ஏறத்தாழ 660 கிலோ கழிகிறது. நூறு கிலோ கொழுந்துக்கு 23 கிலோ தூள் என்று வைத்தாலும், விவசாயிக்குப் பணம் கொடுக்காத கொழுந்திலிருந்து நாளொன்றுக்கு 150 கிலோ தூள் கிடைத்துவிடுகிறது. இன்னொரு விளைவு இதைவிட நயமானது. ஏட்டில் வாங்கிய கொழுந்து 9,340 கிலோ. உற்பத்தியான தூளோ 2,300 கிலோ. ஆக, 23 சதவீதமாக இருக்க வேண்டிய ‘அவுட்டர்ன்’, அதாவது கொழுந்துக்குக் கிடைக்கும் தூளின் விகிதம், 24.6 சதவீதமாகத் தெரியும். அந்த உயர்வைப் பார்த்து, இலையை வாடவைப்பதிலும் அரைப்பதிலும் சேதாரம் குறைந்திருக்கிறது என்று மேலாளரைப் பாராட்டினார்கள். அநியாயம் ஏட்டில் ஒருபோதும் அநியாயம் என்ற தலைப்பில் பதிவாவதில்லை. திறமை என்ற தலைப்பில் பதிவாகிறது. மேலாண்மைப் பாடத்தில் எனக்கு இடம் கொடுத்தால் இந்த ஒன்றைத்தான் ஒரு பருவம் முழுவதும் நடத்துவேன்.

அதே ஆண்டு எங்கள் தொழிற்சாலை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. அந்த அம்மாவுக்கும் கண்ணாடி கிடைத்தது. முகாம் செலவை நான்தான் பதிவு செய்தேன். இரண்டு நாள் கழிவுக்குள் அது அடங்கிவிட்டது.

விவசாயிகள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். மூட்டையில் தண்ணீர் தெளிப்பவர்களும், முற்றிய இலையையும் காம்பையும் அடியில் திணித்து மேலே கொழுந்தைப் பரப்புபவர்களும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே கழிவு என்றானதும், தெளிக்காதவர்தான் ஏமாளியாகிறார். அடுத்த மாதம் அவரும் தெளிக்கத் தொடங்குகிறார். பிடிக்காவிட்டால் வேறு தொழிற்சாலைக்குப் போகலாமே என்பார்கள். தொழிற்சாலைக்காகக் கொழுந்து சேகரிக்கும் ஏஜெண்டிடம் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் முன்பணம் வாங்கியவர் எங்கே போவார்?

பெரிய நிறுவனங்களில் மட்டும் வேறு கதை நடக்கும் என்று எண்ண வேண்டாம். கொடைக்கானலில் 1980களில் தொடங்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவரிடம் வந்த வெப்பமானித் தொழிற்சாலையின் வரலாறு ஊரறிந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டியிருந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது, தொழிற்சாலை மூடப்பட்டது, 2003இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்குத் தொழிற்சாலைதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை என்றாலும், 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. அந்தக் கழிவைக் காயலான் கடைக்கு விற்றதில் கிடைத்த தொகை நிறுவனத்தின் கணக்கில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. பெயர், பணம், சட்டப் புத்தகம் எல்லாம் இருந்த இடத்திலும், கழிவை வெளியே அனுப்பும் வாசலில்தான் பொறுப்பு நழுவியிருக்கிறது.

ஆகவே நல்லெண்ணத்தை வளர்ப்பதைவிட, நழுவும் இடத்தில் ஒரு பூட்டு போடுவதையே நான் நம்புகிறேன். காட்டில் மதுப்பாட்டில்களை உடைத்துப் போடாதீர்கள், யானையின் காலில் குத்துகிறது என்று நீலகிரியில் எத்தனை பலகைகள் வைத்தார்கள்! 2022இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுப்பது என்றானது. எந்தப் பலகைக்கும் திரும்பாத பாட்டில்கள் பத்து ரூபாய்க்குத் திரும்பி வந்தன.

இப்போது நான் ஒரு சிறு விவசாயிகள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். எடை இயந்திரத்தின் எண்கள் தெரியும் முகத்தை விவசாயி நிற்கும் பக்கம் திருப்பி வைத்தோம். சீட்டில் மொத்த எடை, ஈரக் கழிவு, நிகர எடை என்று மூன்று பத்திகள் அச்சடித்தோம். முன்பெல்லாம் கடைசி எண் மட்டும்தான் இருக்கும். மழை நாளில் வண்டிக்கு ஒரு மூட்டையைக் கொட்டி, உதறி, மறுபடி எடை போட்டு, அந்த வித்தியாசத்தை மட்டுமே கழிக்கிறோம். இதற்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அதைப் பற்றி முணுமுணுப்பவர்களும் குழுவிலேயே இருக்கிறார்கள்.

சென்ற தை மாதம் எங்களிடம் கொழுந்து எடுக்கும் தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ரெண்டாவது பத்தி முழுக்க காலியா இருக்கு, நிரப்ப மறந்துட்டீங்களா?” என்று கேட்டார். மழை இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியே பதிவு செய்யலாமா என்று மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.